பக்கத்து இடம்

லண்டன்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளின் நிக்காஹ் ஏற்பாடு, உன் முட்டுவலி, நம் தெருவில் யார் வீட்டை யார் வாங்கினார்கள் என்ற கதையெல்லாம் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மையவாடிச் சுவரை எடுத்துக் கட்டுகிறார்கள், வாப்பாவை அடக்கியிருக்கும் கபர் பக்கம் கொஞ்சம் இடம் விழுகிறது, உனக்காக ஜமாஅத்தில் பேசி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சில் இடம் பிடித்து வைத்தவன் அறுபது வயதிலும் அதையே செய்கிறாய். சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

பதில் எழுதும் முன் ஒருமுறை புரூக்வுட் இடுகாட்டுக்குப் போய்வர வேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

வாட்டர்லூவிலிருந்து ரயில். வோக்கிங் நெருங்கும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு பச்சைக் குவிமாடம் எட்டிப் பார்க்கும். அதுதான் ஷாஜஹான் பள்ளிவாசல். 1889-இல் கட்டியது, பள்ளிவாசலாகவே கட்டப்பட்டதில் இந்த நாட்டில் அதுதான் முதல். பணத்தில் பெரும்பங்கு கொடுத்தது போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம். முன்னின்று கட்டியவர் லைட்னர் என்பவர், ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து லாகூரில் கல்லூரி நடத்தியவர். வரைபடம் போட்டவர் ஓர் ஆங்கிலேயர். உள்ளே போனால் நம் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. லைட்னர் 1899-இல் இறந்த பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்து, 1913-இல் லாகூரிலிருந்து வந்த குவாஜா கமாலுத்தீன் மறுபடி திறந்தார். நம் கீழக்கரை ஜும்மாப் பள்ளியில் கோயில் மண்டபம் மாதிரிக் கல்தூண் நிற்கும். கட்டின கொத்தனாருக்குத் தெரிந்த வேலை அது. இங்கே ஓர் ஆங்கிலேயர் மொகலாயக் குவிமாடத்தைக் காகிதத்தில் பார்த்துக் கட்டியிருக்கிறார். எனக்கு நம்முடையதுதான் உசத்தி, ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை.

அடுத்த நிலையம் புரூக்வுட். அதன் கதை கேள். விக்டோரியா காலத்தில் லண்டன் இடுகாடுகள் நிரம்பி வழிந்தபோது, 1854-இல் ஊருக்கு வெளியே இந்தப் பெரிய இடுகாட்டைத் திறந்தார்கள். பிணங்களைக் கொண்டுவரத் தனி ரயில். வாட்டர்லூ பக்கத்தில் அதற்கென்றே ஒரு நிலையம். உயிருள்ளவர்களுக்கு மட்டுமல்ல, சவப்பெட்டிக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. கூட வருகிறவர்களுக்குப் போகவர டிக்கெட், பெட்டிக்கு ஒருவழி டிக்கெட். 1941-இல் குண்டு விழுந்து அந்த நிலையம் சிதையும்வரை நடந்தது. டிக்கெட் கொடுக்கிறவன் முகத்தைச் சற்று நினைத்துப் பார்.

அங்கே முஸ்லிம்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்க ஏற்பாடு செய்ததும் அதே லைட்னர்தான். முதலில் பிக்தால் அடங்கியிருக்கும் இடத்துக்குப் போனேன். ஆங்கிலிக்கன் பாதிரியார் மகன், நாவலாசிரியர், 1917-இல் லண்டனில் இஸ்லாத்தை வெளிப்படையாக அறிவித்தவர். அப்புறம் பம்பாயில் பத்திரிகை ஆசிரியர், ஹைதராபாத்தில் நிஜாமிடம் வேலை. முழுச் சம்பளத்தோடு நிஜாம் விடுப்புக் கொடுத்துத்தான் குர்ஆன் மொழிபெயர்ப்பை முடித்தார், 1930-இல் வந்தது. மதராஸுக்கும் வந்து இஸ்லாமியப் பண்பாடு பற்றிச் சொற்பொழிவு செய்திருக்கிறார். இக்பால் வந்து பேசினாரே, அதே சொற்பொழிவு வரிசைதான். நம் பாட்டனார் காலத்தில் மதராஸுக்குத் தோல் வியாபாரத்துக்குப் போன யாராவது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். 1936-இல் மௌத், இறந்துவிட்டார்.

அதே பகுதியில்தான் அப்துல்லா யூசுப் அலியும் இருக்கிறார். உன் அலமாரியில் பச்சை அட்டையில் ஒரு தடி குர்ஆன் இருக்குமே, ஆங்கிலம், அரபி இரண்டும் போட்டு, அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள் கொண்டது, அவருடையதுதான். பம்பாய்ப் பக்கத்துக்காரர். ஐ.சி.எஸ். பாஸ் செய்து கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர். லாகூரில் இஸ்லாமியாக் கல்லூரி முதல்வர். 1934-லிருந்து பகுதி பகுதியாக அந்த மொழிபெயர்ப்பை வெளியிட்டார். கடைசிக் காலத்தில் லண்டனில் தனியாக, வீடு வாசல் என்று சொல்ல எதுவும் இல்லாமல் அலைந்திருக்கிறார். 1953 டிசம்பர் குளிரில் வெஸ்ட்மின்ஸ்டரில் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில், புத்தி தடுமாறிய நிலையில் உட்கார்ந்திருந்த எண்பத்தொரு வயதுக் கிழவரைப் போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஓரிரு நாளில் முடிந்துவிட்டது. உறவு என்று யாரும் மையத்தை, அந்த உடலை, கேட்டு வரவில்லை. பாகிஸ்தான் தூதரகம்தான் அடக்கம் செய்தது.

அந்தக் கல்லுக்கு முன் நின்று யாஸீன் ஓதினேன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பதற்கு இவரை விட யாரைக் காட்டுவது? உலகத்தில் எத்தனை ஹோட்டல் மேசை இழுப்பறையில், எத்தனை ஹாஜியார் வீட்டில் அவர் எழுத்து கிடக்கிறது. சீதக்காதி நம் பள்ளிக்குப் பக்கத்திலேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவே அடங்கியிருக்கிறார். இவரோ எவன் வீட்டு வாசலிலோ. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பும் வழியில் ஹார்ஸல் காமனுக்கும் போனேன். முதல் உலகப்போரில் காயம்பட்டு இங்கே வந்து இறந்த நம் நாட்டு முஸ்லிம் சிப்பாய்களை, முறைப்படி அடக்கவில்லை என்று ஜெர்மனிக்காரர்கள் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் பிரிட்டிஷ்காரர்கள் வோக்கிங் பள்ளிக்குக் கிட்டத்தில் மதில், குவிமாடம் வைத்து ஒரு கபர்ஸ்தான் கட்டினார்கள், 1917-இல் முடிந்தது. மரியாதை கொஞ்சம், பயம் கொஞ்சம். அப்புறம் கவனிப்பாரில்லாமல் பாழாகி, 1960-களின் இறுதியில் மையத்துகளைப் புரூக்வுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அது ஒரு தோட்டம். ஆளுக்கு ஒன்றாக 27 வெள்ளைத்தண்டு பிர்ச் மரங்கள், நடுவில் நீர்த்தொட்டி. நான் போனபோது ஓர் ஆங்கிலேய அம்மாள் நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். நாயை ஏன் உள்ளே கூட்டி வரவில்லை என்று கேட்டேன். அது அவர்களுக்குப் பிடிக்காது அல்லவா என்றார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் கேள்விக்குப் பதில் எனக்கு நேராக வரவில்லை.

கும்பகோணத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் எப்போதும் என் வலப்பக்கம் நிற்பார். போன கார்த்திகையில் மௌத்தானார். ஊரில்தான் அடக்க வேண்டும் என்று வஸிய்யத், கடைசி விருப்பம். சரி என்று பிள்ளைகள் ஏற்பாட்டில் இறங்கினார்கள். இங்கே ஒரு மரணத்துக்கு மருத்துவர் காகிதம், அதைச் சரிபார்க்க இன்னொரு மருத்துவர், பிறகு பதிவு, வெளிநாடு கொண்டுபோகத் தனி அனுமதி. நடுவில் வார விடுமுறை. ஏற்பாடு செய்ய ஒப்புக்கொண்ட நிறுவனம் ஒரு படிவத்தைத் தப்பாக நிரப்பி, விமானத்தையும் தவறவிட்டது. ஒன்பது நாள் மச்சான். கெடாமலிருக்க மருந்து ஏற்றி, உள்ளே துத்தநாகத் தகடு வைத்த பெட்டியில் மூடி முத்திரையிட்டு அனுப்பினார்கள். ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்களாம். குளிப்பாட்டுவதும் கபன் துணி சுற்றுவதும் இங்கேயே முடிந்திருந்தது, ஆனாலும் அந்த அம்மா, அவர் கூடப்பிறந்தவர், முகத்தைப் பார்க்கவில்லை. மையத்தைச் சீக்கிரம் அடக்குங்கள் என்று ரசூலுல்லாஹ் சொன்னதை வெள்ளிக்கிழமை பயானில் எத்தனை முறை கேட்டிருப்போம்.

இன்னொன்றையும் பார்த்தேன். கிழக்கு லண்டனுக்கு அப்பால் ஹெய்னால்ட்டில் கார்டன்ஸ் ஆஃப் பீஸ் என்று ஒரு மையவாடி, 2002-இல் திறந்தது. பளிங்கு இல்லை, கபரில் நடும் மீசான் கல் இல்லை. எல்லாம் ஒரே அளவு மண்மேடு, தலைமாட்டில் எண்ணும் பெயரும் போட்ட சின்னத் தகடு. கோடீஸ்வரனும் டாக்ஸி ஓட்டியவனும் அடுத்தடுத்து. தலைமாட்டில் எதையும் கட்டாதே என்று சொல்லும் நம் ஆலிம்சாக்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அவர் பேரன், பத்துப் பன்னிரண்டு வயது, கால்பந்துப் பயிற்சி முடிந்து அதே சேற்றுக் காலணியோடு வந்து நின்றான். தகட்டில் மண் தெறித்திருந்தது. சட்டைக் கையை இழுத்து விரலில் சுற்றி எண்ணைத் துடைத்தான், அப்புறம் பெயரைத் துடைத்தான். அல்ஹம்து சூரா ஓதினான், உச்சரிப்பு அவ்வளவு சுத்தமில்லை. ஓதி முடித்து, மேட்சில் மூன்றுக்கு ஒன்று என்று தாத்தாவுக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் வந்த புதிதில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஊரில் தொழும் திசை, கிப்லா, என்றால் மேற்கு. யாரையும் கேட்டதில்லை, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நிற்போம். இங்கே வந்தும் அறையில் மேற்கு எது என்று பார்த்துத் தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உடன் தங்கியிருந்த சோமாலிக்காரர் தோளைப் பிடித்துத் தென்கிழக்காகத் திருப்பிவிட்டார். அத்தனை நாளும் அட்லாண்டிக் கடலைப் பார்த்துத் தொழுதிருக்கிறேன். அல்லாஹ் கபூல் செய்திருப்பான், திசை தெரியாதவனுக்குச் சலுகை உண்டு. ஆனால் பாரு, இப்போது ஊருக்கு வந்தால் மேற்கே திரும்பும் முன் ஒரு நொடி யோசிக்கிறேன். போன தடவை ஜும்மாப் பள்ளியில் நீ என்னை ஒருமாதிரி பார்த்தாய், நினைவிருக்கிறதா?

எந்த உயிரும் தான் எந்த பூமியில் இறக்கும் என்று அறியாது என்று சூரா லுக்மான் கடைசி ஆயத்தில் வருகிறது. நம் ஹஜ்ரத் அதை ஓதும்போது கடலைக் கைகாட்டுவார், மரக்கலக்காரர்கள் ஊர் அல்லவா. இன்னொரு ஹதீஸை இங்கே ஒரு இமாம் சொல்லித்தான் முதன்முதலில் கேட்டேன். மதீனாவில் பிறந்து மதீனாவிலேயே இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைத்த ரசூலுல்லாஹ், இவர் பிறந்த ஊரல்லாத வேறிடத்தில் இறந்திருக்கக் கூடாதா என்றார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, பிறந்த ஊருக்கு வெளியே இறப்பவருக்கு, பிறந்த இடத்திலிருந்து காலடி முடிந்த இடம்வரை அளந்து சுவர்க்கத்தில் இடம் தரப்படும் என்று பதில். நஸாயி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, நம் மதரஸா ஹஜ்ரத்திடம் கேட்டுப் பார். கீழக்கரையிலிருந்து லண்டன் வரை அளந்தால், நில வியாபாரி உனக்கே கண் விரியும்.

1963-இல் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஒரு சீமாட்டியை அடக்கினார்கள், லேடி ஈவ்லின் காபோல்ட். 1933-இல் அறுபத்தைந்து வயதில் ஹஜ் செய்தவர். வோக்கிங் இமாம் கடும் குளிரில் அவ்வளவு தூரம் வடக்கே போய் ஜனாஸா தொழவைத்தார், பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் பைப் இசை வாசித்தார். கபர் கிப்லாவைப் பார்த்து, மலைச்சரிவில். அந்த அம்மாள் சொந்த மண்ணிலேயே அடங்கினார். இந்த மண் நமக்கு ஒத்துவராது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு முன்பே இவ்வளவு பேர் இதில் இருக்கிறார்கள்.

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 39 லட்சம் முஸ்லிம்கள். அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள், என் பிள்ளைகள் மாதிரி. பெருநாள் என்றைக்கு என்று சவூதிப் பிறைக்காரர்களும் உள்ளூர்ப் பிறைக்காரர்களும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், போன தடவை என் வீட்டிலேயே இரண்டு பெருநாள். அது கிடக்கட்டும், ஊரிலும் அந்தச் சண்டை உண்டு.

ஆகவே மச்சான், ஜமாஅத்தில் எனக்காகப் பேச வேண்டாம். வாப்பா பக்கத்து இடத்தை யாருக்குத் தேவையோ அவர்களுக்கு விடச் சொல். மூத்தவனிடம் நேற்றிரவு சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவன் வாப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்பது அவனுக்கு நினைவிருந்திருக்கிறது என்று நானே வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் வேறு ஒரு வேலை இருக்கிறது. வாப்பாவின் கால்மாட்டு மீசான் கல் போன வருடம் பார்த்தபோதே சாய்ந்திருந்தது. சுவர் வேலைக்கு ஆள் வரும்போது அதையும் நிமிர்த்தி நடச் சொல். கூலியை நிக்காஹுக்கு வரும்போது தருகிறேன், வாங்க மாட்டேன் என்று நாடகம் போடாதே. அந்த மாதம் 14-ஆம் தேதி இறங்குகிறேன், மதுரையிலிருந்து கார் எடுத்து வருவேன். வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு நம் ஊர் மசாலாப்பொடி கேட்டிருக்கிறார்கள், அரைக் கிலோ திரித்து வைக்கச் சொல். இங்கே கிடைப்பதில் வாசமே இல்லை.

துஆவில் மறந்துவிடாதே.

வஸ்ஸலாம்,
உன் பெஞ்சுக்காரன்