பேரை மாற்றும் முன் பட்டியலைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோயில் படம் 1,400 இருக்கிறது என்றாய். ஒவ்வொன்றாக ரைட் கிளிக் பண்ணிப் பேர் மாற்றிக்கொண்டு உட்காராதே. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான கமாண்ட் பிராம்ப்டே போதும்.

எக்ஸ்டென்ஷனை, அதாவது பேரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை, மட்டும் மாற்ற, பேர் மாற்றும் ‘ரென்’ (ren) கட்டளை ஒரே வரியில் முடித்துவிடும். பேரின் முன்பகுதியில் கைவைத்தால்தான் காலை வாரும். ‘ஐஎம்ஜி_0012’ (IMG_0012) என்ற படத்துக்கு, ‘கோவில்_’ என்று ஆங்கிலத்தில் (Kovil_) எழுதி, அடுத்து ‘மீதி எதுவானாலும்’ என்று பொருள்படும் * போட்டால் ‘கோவில்_0012’ வரும் என்றுதானே நினைப்பாய்? ‘கோவில்_12’தான் வரும். ரென் முன்பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டுவதில்லை. எழுத்துக்கு எழுத்து மேலேயே எழுதுகிறது. ஆங்கிலத்தில் பழைய முன்பகுதி 4 எழுத்து, புதியது 6. கூடுதலான இரண்டும் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை விழுங்கிவிடும். பிறகு 0112-உம் ‘கோவில்_12’ ஆகப் பார்க்கும். அந்தப் பேரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது என்று ரென் மறுத்துவிடும். பழைய படத்தை மேலெழுதி அழிக்காது, அந்த மட்டில் ரென் நல்ல பிள்ளை.

அதனால் கட்டளைகளை வரிசையாக நோட்பேடில் எழுதி, ஒரே ஓட்டமாக ஓடும் பேட்ச் ஃபைலாக (.bat) வை. ஒவ்வொரு படத்துக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் ‘ஃபார்’ (for) லூப்பை நேரடியாக *-இல் ஓட்டினால், பேர் மாறிய படமே மறுபடி லூப்பில் மாட்டலாம். ‘ஃபார் /எஃப்’ (for /f) போட்டு, ‘டிர் /பி /ஏ-டி /ஓ:டி’ (dir /b /a-d /o:d) தரும் ஃபைல் பட்டியலை அதற்குக் கொடு. பட்டியல் முதலிலேயே முழுதாக வந்துவிடும், தேதி வரிசையிலும் இருக்கும். எடிட் செய்து சேமித்த படம் மட்டும் கடைசிக்குப் போய்விடும், பார்த்துக்கொள். பேரில் இடைவெளி இருந்தால் முதல் சொல்லோடு வெட்டும்; எங்கே வெட்டுவது என்று சொல்லும் ‘டெலிம்ஸ்=’ (delims=) என்பதைக் காலியாக விடு, ரென் வரியில் இரண்டு பேருக்கும் மேற்கோள்குறி போடு. ஒவ்வொரு படத்தின் பேரையும் ஏந்தும் லூப் மாறிக்கு முன்னால், பேட்ச் ஃபைலுக்குள் % இரண்டு (%%). பிராம்ப்டில் நேராக அடித்தால் ஒன்று.

எண்ணை 10000-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 1 கூட்டி, பேரில் கடைசி 4 இலக்கத்தை மட்டும் எடு. 0001 என்று தொடங்காதே: பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை, கணக்குப் போடும் ‘செட் /ஏ’ (set /a) கட்டளை 0 முதல் 7 வரை இலக்கம் மட்டுமே உள்ள எட்டடிமான எண்ணாகப் படிக்கும், 0008-ஐக் கண்டதும் பிழை காட்டும். லூப்புக்குள் அந்த எண்ணை % போட்டு எழுதினால் லூப் தொடங்கும்போது இருந்த மதிப்பே எல்லாப் படத்துக்கும் போகும். முதல் படம் மாறும், மற்றதெல்லாம் முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் புது மதிப்பை எடுக்கவைக்கும் ‘டிலேய்ட் எக்ஸ்பான்ஷன்’ (setlocal enabledelayedexpansion) போட்டு, அந்த எண்ணுக்கு % இருக்குமிடத்தில் ! வை. ஆனால் ஃபைல் பேரிலேயே ! இருந்தால் அது காணாமல் போகும்; அப்படிப்பட்டவற்றைக் கையால் மாற்றிவிடு.

தமிழில் பேர் வைத்தவையும் உண்டல்லவா? பேட்ச் ஃபைலின் மேலே, எழுத்துமுறையை யூடிஎஃப்-8-க்கு மாற்றும் ‘சிஹெச்சிபி 65001’ (chcp 65001) என்று ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் ? ஆகிவிடும், ரென்னுக்கு ‘?’ என்பது எந்த எழுத்துக்கும் பொருந்தும் வைல்ட்கார்டு வேறு. பேட்ச் ஃபைலை பிஓஎம் (BOM, ஃபைலின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் குறி) இல்லாத யூடிஎஃப்-8-இல் சேமி. பிஓஎம் இருந்தால் முதல் வரியே புரியாமல் போகும்.

முதல் ஓட்டத்தில் ரென்னுக்கு முன்னால், வரியைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் ‘எக்கோ’ (echo) சேர். எதுவும் மாறாது, மாறப்போவது மட்டும் திரையில் ஓடும். நூறு வரியாவது கண்ணால் பார்த்துவிட்டு எக்கோவை எடு. இங்கே கன்ட்ரோல் இசட் கிடையாது. அதனால் லூப்புக்குள்ளேயே இன்னொரு வரி: புதுப் பேரைப் பழைய பேராக்கும் ரென் கட்டளையை, ஃபைலின் கடைசியில் வரி சேர்க்கும் >> போட்டு ‘அன்டூ’ என்ற பேட்ச் ஃபைலில் எழுதிக்கொண்டே வரட்டும். ஆல்பம் அச்சாகி வரும்வரை அதை அழிக்காதே.

அன்புடன்,
அப்பா