குடைவரைக்குப் பக்கத்துல நாலு வரி தமிழ்ல எழுதி வைக்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டா குடைவரை, அதாவது பாறையைக் குடைஞ்சு செஞ்ச குகை, கோயில் பாக்க அஜந்தா, எல்லோரா, பாதாமின்னு கிளம்பிப் போற நம்ம ஊர் ஆட்கள் இப்ப நிறைய, ரொம்ப நல்ல விஷயம், நானும் போய் பாத்தவன்தான். எல்லோராவுல 16ஆம் நம்பர் குகை, அதான் ராஷ்டிரகூட ராஜா முதலாம் கிருஷ்ணன் காலத்து கைலாசநாதர் கோயில், அதை கீழ இருந்து கட்டல, மலையை மேல இருந்து குடைஞ்சுக்கிட்டே இறங்கியிருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம் அண்ணாந்து பாத்தா பேச்சே வராது. ஆனா அதே மாதிரி வேலையை 8ஆம் நூற்றாண்டுல பாண்டியர்கள் நம்ம கழுகுமலைல வெட்டுவான் கோயில்னு செஞ்சு வச்சிருக்காங்க, பக்கத்துல இருக்கிற கோவில்பட்டிக்கு நூறு தடவை போய்ட்டு வந்தவங்ககிட்ட கேட்டாக்கூட அப்படி ஒண்ணு இருக்கான்னு கேக்கறாங்க.

அந்த வெட்டுவான் கோயில்ல மூணு பக்கமும் பாறையை வெட்டி எடுத்துட்டு நடுவுல ஒரே கல்லா ஒரு கோயிலை விட்டிருக்காங்க. மேல சிகரம், பூதகணம், நந்தி எல்லாம் அவ்ளோ நுணுக்கம், தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிச்சிட்டு உக்காந்திருக்கார், அந்த விரலைப் பாத்தாலே தாளம் கேக்கும். கீழ வர வர வேலை முடியாம வெறும் கல்லா நிக்குது. ஏன் சார் இப்படி பாதில நிக்குதுன்னு கேட்டா அப்பா சிற்பி மகனை அடிச்சுக் கொன்ன கதை ஒண்ணைத்தான் எல்லாரும் சொல்றாங்க. கதை இருக்கட்டும், வேண்டாங்கல, ஆனா மேல இருந்து கீழ வெட்டினதாலதான் மேல முடிஞ்சு கீழ முடியாம நிக்குது, வேலை எப்படி நடந்துச்சுன்னு காட்டறதே அந்த முடியாத பகுதிதான்னு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல.

மாமல்லபுரத்துல பாதில விட்ட குடைவரைகள்லயும் இதேதான், பாறை முகத்துல கட்டம் கட்டமா உளியால பள்ளம் போட்டு, அப்புறம் நடுவுல நிக்கிற ஒவ்வொரு கட்டத்தையும் தட்டி உடைச்சு உள்ள போயிருக்காங்க, அந்தக் கட்டம் இன்னிக்கும் அப்படியே தெரியுது. அஜந்தா, எல்லோரா எரிமலைக் குழம்பு இறுகின பாறை, பாதாமி மணற்கல்லு, நம்மளுது கிரானைட், உளி இறங்கறதே கஷ்டம். நம்ம குடைவரைகள் சின்னதா இருக்கேன்னு வடக்க போய்ட்டு வந்தவங்க சொல்றப்ப எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும், கல்லு என்ன கல்லுன்னு ஒரு வரி எழுதி வச்சிருந்தா யாரும் அப்படிப் பேச மாட்டாங்க.

எங்க மாவட்டத்து மண்டகப்பட்டு குடைவரையையே எடுத்துக்கங்க. 2025ல மராட்டியர் கோட்டைகளோட சேத்து செஞ்சிக் கோட்டைக்கும் யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சுது, தமிழ்நாட்டுல இருந்து அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒரே கோட்டை, எங்களுக்கெல்லாம் அவ்ளோ பெருமை. ஆனா விழுப்புரத்துல இருந்து அதைப் பாக்கப் போறவங்க வழியில இருக்கிற மண்டகப்பட்டைத் தாண்டித்தான் போறாங்க, யாரும் வண்டியை நிறுத்தறதில்ல. மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச கோயில் அது. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனோட பட்டப்பேரு) எடுத்த கோயில்னு தூண்லயே வடமொழில கல்வெட்டு வெட்டி வச்சிருக்கான். 1,400 வருஷம் முந்தி ஒரு ராஜா இதுவரைக்கும் இல்லாத ஒண்ணை செஞ்சுட்டேன்னு பெருமையா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான், நம்ம புள்ளைங்க அந்த தூண்ல சாஞ்சு செல்ஃபி எடுத்துட்டு வருது, அதுங்கள குத்தம் சொல்ல முடியாது, அது வடமொழி எழுத அந்தக் காலத்துல பயன்படுத்தின கிரந்த எழுத்து, படிக்கத் தெரியாது.

சித்தன்னவாசல் குடைவரையோட மேல்கூரைல தாமரைக் குளம், மீனு, யானை, பூ பறிக்கிற ஆளுங்கன்னு 9ஆம் நூற்றாண்டு ஓவியம் ஏற்கனவே பாதி அழிஞ்சு போச்சு, மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும். சுவத்துல பேரைக் கிறுக்கினா 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்ச ரூபா வரை அபராதம்னு மத்திய அரசு சட்டமே இருக்கு, அதைச் சொல்ற போர்டும் பல இடத்துல நிக்குது. மிரட்டற போர்டு வேணும்தான். ஆனா தான் எதுமேல கிறுக்கறோம்னு தெரியாதவன் அந்த போர்டைப் பாத்து நிறுத்துவான்னு எனக்குத் தோணல, தெரிஞ்சவன் கண்டிப்பா நிறுத்துவான்.

அதனால தொல்லியல் துறைக்கு, மத்திய துறையோ மாநிலத் துறையோ, என் வேண்டுகோள் ஒண்ணுதான். ஒவ்வொரு குடைவரை பக்கத்துலயும் கல்வெட்டு என்ன சொல்லுதுன்னு நல்ல பேச்சுத் தமிழ்ல, பத்தாங்கிளாஸ் புள்ள படிச்சாப் புரியற மாதிரி, எழுதி வைங்க, எப்படிக் குடைஞ்சாங்கன்னு ஒரு படமும் போடுங்க. உள்ளூர்ப் பசங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து லீவு நாள்ல கைடா உக்கார வைங்க, அவங்களுக்கும் ஒரு வருமானம் ஆச்சு.

உங்க பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள் சார். ஞாயித்துக்கிழமை இணைப்புல வாரம் ஒரு குடைவரைன்னு கால் பக்கம் ஒதுக்குங்க, நாமக்கல், மாமண்டூர், தளவானூர், திருமயம்னு எழுத எவ்ளோவோ இருக்கு. எந்த பஸ்ல ஏறணும், எங்க இறங்கணும், எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு கீழ சேத்துப் போட்டா ஸ்கூல் வாத்தியாருங்க கத்தரிச்சு வச்சுக்கிட்டு புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க.

இப்படிக்கு,
விழுப்புரம் வாசகர் ஒருவர்