நம் பக்கத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை வேண்டும்: ரயில் ஆர்வலர் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட ஆற்காட்டுத் தடங்களில் ஓடும் ரயில்களின் மேல் தீராத ஆசை கொண்ட நம் குழுவின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் முகநூல் பக்கத்தின் தலையில் வைக்கும் முகப்புப் படத்தை மாற்றுவதற்காக மூன்று வடிவமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, வரும் ஞாயிறு இரவுக்குள் வாக்களிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மூன்றில் எதற்கும் வாக்களிக்கவில்லை. ஏன் என்று நிர்வாகிகள் இருவர் தொலைபேசியில் கேட்டார்கள். ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காட்பாடியில் இருபது ஆண்டுகளாக ஃப்ளெக்ஸும் அழைப்பிதழும் வடிவமைத்துப் பிழைப்பவன் நான். அதைவிட முக்கியமாக, இப்போது நம் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பிழையோடு செய்து கொடுத்தவனும் நானே.

அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் இருக்கும் பெரிய கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, 851க்கு 315 பிக்ஸல் என்ற அளவில், ‘அரக்கோணம் முதல் ஜோலார்பேட்டை வரை’ என்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீட்டி எழுதினேன். கணினியில் அது அழகாகவே இருந்தது. கைப்பேசியில் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டு, ‘கோணம் முதல் ஜோலார்பே’ என்று மட்டும் தெரிந்தது. புதிதாகச் சேர வந்த ஒருவர் இது கும்பகோணத்துக் குழுவா என்று கேட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், திருத்தித்தான் கொடுக்கவில்லை.

வெட்டுப்பட்டதற்குக் காரணம் எளிய கணக்கு. முகநூல் தன் முகப்புப் படத்தைக் கணினியில் 851க்கு 315 என்ற விகிதத்திலும், கைப்பேசியில் 640க்கு 360 என்ற விகிதத்திலும் காட்டுகிறது. முன்னது நீளமான பட்டை, பின்னது கிட்டத்தட்ட தொலைக்காட்சிப் பெட்டி. பட்டையாகச் செய்த படத்தைப் பெட்டியில் நிரப்பும்போது உயரம் முழுதாக நிற்கும். அகலத்தில் நடுவில் உள்ள 560 பிக்ஸல் மட்டும் தெரிய, பக்கத்துக்கு 145 வீதம் இரு பக்கமும் மறையும். அதாவது ஒவ்வொரு ஓரத்திலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இதற்கு மாற்று, படத்தைக் கைப்பேசியின் விகிதத்திலேயே, இரு மடங்குக்குக் குறையாத அளவில் செய்வதும், எழுத்து முழுவதையும் நடு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடக்குவதும்தான். அப்போது கணினியில் மேலும் கீழும் கொஞ்சம் வானமும் கொஞ்சம் ஜல்லியும் மட்டுமே போகும். கணினியில் நம் வட்டச் சின்னம் படத்தின் இடது கீழ் ஓரத்தில் ஏறி உட்காரும் என்பதால் அந்த மூலையையும் காலியாக விட வேண்டும். எங்கள் தொழிலில் ‘எத்தனை அடி?’ என்று கேட்டே பழகிவிட்டோம்; ஆறுக்கு நான்கு என்று சொன்னால் அது தெருமுனையில் ஆறுக்கு நான்காகவே நிற்கும். பார்க்கிறவனின் கையைப் பொறுத்து உருவம் மாறும் பலகை எங்களுக்குப் புதிது.

இப்போது மூன்று படங்களுக்கு வருகிறேன். முதலாவது, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் நான்கு வரி எழுதி வாங்கியது. போட்ட தம்பி அதை மறைக்கவும் இல்லை. இதுவரை அதிக விருப்பக்குறிகள் அதற்குத்தான் விழுந்திருக்கின்றன. வேலூர்க் கோட்டையின் அகழியை ஒட்டி, மாலை வெயிலில், தண்ணீரில் நிழல் விழ ஒரு ரயில் வருகிறது. அகழியை ஒட்டித் தண்டவாளம் இல்லை என்பது வேலூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கற்பனை என்று அதை விட்டுவிடலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் மின்சார எஞ்சினுடையது, தலையில் புகை வருகிறது. மேலே மின்கம்பி இல்லை, கூரையில் அந்தக் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப் இல்லை, ஆனால் புகைக்கூண்டு இருக்கிறது. இரட்டைத் தடத்தில் நம் நாட்டு ரயில்கள் இடது பக்கத் தடத்தில் போவது வழக்கம். இந்த ரயில் வலது பக்கத்தில் நம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்தில் நிற்கும் மஞ்சள் பலகையில், தமிழைப் போல நெளிந்தாலும் எந்த மொழியிலும் இல்லாத நான்கு எழுத்துகள் இருக்கின்றன. எஞ்சினின் எண்ணைப் பார்த்தே அது எந்தப் பராமரிப்பு ஷெட்டைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும் உறுப்பினர்கள் இருக்கும் குழு நம்முடையது. நம் வாசலில் இந்தப் படம் தொங்கினால் பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படம் உண்மையான படம், அழகான படமும்கூட. காட்பாடிக்கும் வேலூர் கண்டோன்மென்ட்டுக்கும் இடையே பாலாற்றுப் பாலத்தின் அருகில், மணல் சிவந்து கிடக்கும் நேரத்தில் எடுத்தது. ஆனால் அது தண்டவாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து எடுத்தது என்பதைப் படத்தின் கோணமே சொல்லிவிடுகிறது. ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அனுமதியின்றித் தடத்தில் நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மின்சார ரயில் அருகில் வரும் வரை சத்தம் தருவதில்லை என்று பயிற்சி நடைகளில் நாமே இளைஞர்களிடம் சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, தடத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தை நம் தலைப்பில் வைத்தால், அடுத்த வாரம் பத்துப் பேர் அதே இடத்தைத் தேடிக்கொண்டு போவார்கள். எடுத்த நண்பரின் கண்ணை மெச்சுகிறேன். நடைமேடையில் நின்று எடுத்த படம் ஒன்றை அவரிடமே கேளுங்கள். அவரிடம் நிச்சயம் இருக்கும்.

மூன்றாவதைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. நிர்வாகிகள் ஒன்பது பேரின் முகங்களும் வட்ட வட்டமாக, நடுவில் ஒரு வந்தே பாரத். இந்த மாதிரிப் படத்தைக் காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மாதம் முப்பது செய்து கொடுக்கிறேன். ரயில் ஆர்வலர் பக்கத்தில் ரயில் முன்னால் நிற்கட்டும்.

சரி, வேறு என்ன வைப்பது என்று கேட்பீர்கள். என் பதில் நடைமேடையின் முனையில் நிற்கிறது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஓடும் வண்டியிலிருந்து, மழையில், தூக்கக் கலக்கத்தில் பார்ப்பவனுக்கும் ஊர் எது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக அமைந்தது அது. கைப்பேசியில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவனும் ஓடும் வண்டியில் இருப்பவனைப் போலத்தான். அவன் நம் பெயரைப் படிக்கக் கிடைப்பதும் ஒரு கணமே. பலகையில் எழுத்து நடுவில் நிற்கும், ஓரங்களில் மஞ்சள் தாராளமாக விடப்பட்டிருக்கும். நான் இரண்டாண்டுக்கு முன் செய்யத் தவறியதை ரயில்வேயின் வண்ணம் பூசுகிறவர்கள் எத்தனையோ காலமாகச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். முழு அகலத்துக்கும் மங்கலாக நடைமேடையும் மின்கம்பங்களும். அவற்றின் முன், நடுவில், பலகை. பலகையில் குழுவின் பெயர் தமிழில் மட்டும், பெரிதாக. நிலையப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்குமே, அந்த இடத்தில் சிறிய எழுத்தில் 1-7-1856 என்று வைத்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தடம் திறக்கப்பட்ட நாள் அது. வாலாஜா ரோடு நிலையத்துக்கு அப்போது ஆற்காடு என்றே பெயர். தெற்கே ஓடிய முதல் ரயில் போய் நின்ற கடைசி நிலையம் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்து நிலையம் என்பதை நம் உறுப்பினர்களே பாதிப் பேர் அறியவில்லை. அதே தடத்தில், 1964-இல் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. 2022 நவம்பரில் தென்னகத்தின் முதல் வந்தே பாரத் சென்னையிலிருந்து மைசூருக்கு இந்த வழியாகவே, காட்பாடியில் நின்று போயிற்று. இவ்வளவையும் படத்தில் திணிக்க வேண்டாம். ஒரு தேதி போதும். அது என்ன தேதி என்று கேட்பவருக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.

‘பலகையில் காட்பாடி என்று போட்டால் போதாதா?’ என்று ஒரு நிர்வாகி கேட்டார். போதாது. நம் பெயரில் ‘வட ஆற்காடு’ இருக்கிறது. அந்தப் பழைய மாவட்டத்திலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இன்று அரக்கோணமும் வாலாஜா ரோடும் ஒரு மாவட்டம், காட்பாடியும் குடியாத்தமும் ஒரு மாவட்டம், ஆம்பூரும் ஜோலார்பேட்டையும் இன்னொன்று, போளூர் வேறொன்று. நிர்வாகத்தில் நான்காகப் போன ஊர்கள் இன்னும் ஒரே தடத்திலும் அதன் கிளையிலும் கோத்து நிற்கின்றன. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் கிளையைப் குறுகிய தடமான பழைய மீட்டர் கேஜ் காலத்திலிருந்து நேசிக்கும் கண்ணமங்கலத்து, ஆரணி ரோட்டு உறுப்பினர்களும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு நிலையத்தின் பெயரைப் பொறித்தால் மற்றவர்கள் பயணிகளாகிவிடுவார்கள். ஆகவே பலகையில் குழுவின் பெயர் மட்டும்.

இந்தியன் ரயில்வேயின் சின்னத்தையும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வாரம் நான்கு பேர் நம் உள்பெட்டியில் டிக்கெட் ரத்துக்குப் பணம் வரவில்லை என்று எழுதுகிறார்கள். சின்னமும் சேர்ந்துவிட்டால் நாம் விசாரணைக் கவுன்டர் நடத்த வேண்டியதுதான்.

தமிழ் எழுத்தைப் பற்றி, தொழில்காரன் என்ற முறையில் ஒன்று. இளைஞர்கள் யாராவது படத்தைத் திருத்த முன்வந்தால், முதலில் ‘ஜோலார்பேட்டை’ என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரட்டைக் கொம்பு, கால், ஐகாரம் ஆகியவை முன்னும் பின்னும் சரியாக உட்கார வேண்டிய சொல் அது. தமிழை முறையாகக் கையாளாத பழைய மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்துவிடும். அதைக் கவனிக்காமல் அச்சாகிவிட்ட பதாகைகளை நம் ஊர்ச் சாலைகளில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். கடைகளில் புழங்கும் பழைய குறியாக்க எழுத்துருக்களும் வேண்டாம். கோப்பு வேறு கணினிக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய யூனிகோடு எழுத்துருக்கள். மாதிரியில் முக்தா மலரின் தடித்த வடிவத்தை வைத்திருக்கிறேன்.

நிறத்தில் நான் தடுக்கி விழுந்த இடமும் உண்டு. ஃப்ளெக்ஸுக்குச் செய்யும் பழக்கத்தில் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிற முறையிலேயே கோப்பைச் சேமித்து ஏற்றிப் பார்த்தேன். பலகையின் மஞ்சள், பழுத்து நாளான எலுமிச்சையின் நிறத்துக்குப் போய்விட்டது. திரைக்கு எஸ்.ஆர்.ஜி.பி. முறைதான் சரி. எழுத்து உள்ள படத்தை ஜே.பி.ஜி.யாக ஏற்றினால் முகநூல் அதை மேலும் சுருக்கும்போது கறுப்பைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலத் தெரியும். பி.என்.ஜி.யாக ஏற்றியதில் ஓரங்கள் துல்லியமாக நின்றன. எக்ஸ் தளத்துக்கு 1500க்கு 500 அளவிலும், யூடியூபுக்கு 2048க்கு 1152 அளவில், எல்லாத் திரையிலும் தெரியும் நடுப்பகுதியான 1235க்கு 338க்குள் பலகை நிற்கும்படியும் தனித்தனியே செய்திருக்கிறேன். பலகை ஒன்றே, அதைச் சுற்றியுள்ள வெளி மட்டும் மாறும்.

பின்னணிப் படம்தான் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு உறுப்பினர்களின் உதவி வேண்டும். சோளிங்கர், முகுந்தராயபுரம், திருவலம், லத்தேரி, வளத்தூர், மேல்பட்டி, விண்ணமங்கலம் என்று விரைவு வண்டிகள் பலவும் நிற்காமல் கடக்கும் நிலையங்களின் நடைமேடைப் படங்கள் கிடைத்தால் நன்று. பெரிய சந்திப்புகளின் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நடைமேடையில் நின்று, படுக்கைவாட்டில் எடுத்திருக்க வேண்டும். முகம் அடையாளம் தெரியும்படி பயணிகள் இருக்கக் கூடாது. படம் எடுத்தவருக்கே உரியது என்பதால், குழு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியும் அனுப்ப வேண்டும். அவர் பெயர் படத்தின் விளக்கத்தில் இடம்பெறும்.

நிர்வாகிகளிடம் நான் கேட்பது இரண்டு. வாக்கெடுப்பை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். நான்காவதாக இந்த மாதிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி எதுவும் வேண்டாம். அடுக்குகள் பிரித்த மூலக் கோப்பை அப்படியே குழுவிடம் ஒப்படைத்துவிடுகிறேன், அடுத்த முறை மாற்ற விரும்புகிறவர் என் கடைக்கு அலைய வேண்டியதில்லை.

மாதிரியை நேற்று மாலை நம் மூத்த உறுப்பினரான தடம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன் ஐயாவிடம், கீறல் விழுந்த அவருடைய சிறிய கைப்பேசியிலேயே காட்டினேன். கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ‘மஞ்சள் சரியா இருக்குப்பா. எழுத்துக்கு நடுவுல கொஞ்சம் இடம் விடு, தேதி எனக்குப் படிக்க வரல’ என்றார். எழுத்துகளைத் தளர்த்தி, தேதியை ஒரு மடங்கு பெரிதாக்கிவிட்டேன். இன்று காலை மறுபடியும் காட்டியபோது படித்துவிட்டார். கோப்பு தயாராக இருக்கிறது. உங்கள் பதிலை ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
‘கோணம் முதல் ஜோலார்பே’ வரை எழுதிய,
காட்பாடி உறுப்பினன்