கீல்டர் சுற்று பற்றி, போனில் சொல்ல விடாத மகனுக்கு

கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் குதித்த குதியைப் பார்த்தால், நான் ஏதோ நடுக்காட்டில் தொலைந்துபோனதாக அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார் போல. நடந்தது இவ்வளவுதான். இங்கே வட இங்கிலாந்தில் கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சைக்கிளில் சுற்றும்போது வடகரையில் பின்சக்கரம் பங்சர், அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கவில்லை, டியூபை மாற்றிக்கொண்டு அணைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் தாமதம். அதற்குள் அவர் அணை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பதறியிருக்கிறார் (அணை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அவர் சர்க்கரைக்கு நல்லதுதான்).

58 வயதில் காட்டுக்குள் சைக்கிள் தேவையா என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ வீடியோவில் பார்க்கிற மாதிரி பாறையிலிருந்து குதித்து இறங்குகிற பாதை இல்லை இது. அந்த மாதிரியும் கீல்டரில் உண்டு, கஷ்டத்துக்கு ஏற்ற மாதிரி நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள், சிவப்பு கறுப்புப் பக்கம் நான் தலைவைப்பதில்லை. நான் போவது லேக்சைட் வே, தண்ணீரைச் சுற்றி 42 கிலோமீட்டர், இறுகிய சரளைப் பாதை, நடப்பவர்களும் குதிரைக்காரர்களும்கூட அதில்தான் வருவார்கள். அதற்காக ஏரிக்கரைதானே, சமதளமாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு ஓடைக்கும் சரிவில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும், எந்த ஏற்றமும் நீளமில்லை ஆனால் ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்துகொண்டே இருக்கும், முப்பதாவது கிலோமீட்டரில் தொடை பேச ஆரம்பிக்கும். இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு வளைவு இருக்கும், வளைவுக்குள் நுழைந்தபிறகு பிரேக்கை இறுக்கினால் சரளையில் சக்கரம் வழுக்கும், அதனால் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவேன். குதிரை வந்தால் நின்று, குரல் கொடுத்து, போகவிட்டு அப்புறம்தான் நகருவேன். உன் அளவுக்கு அவசரம் எனக்குக் கிடையாது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. அணைக்குப் பக்கத்தில் தென்கரையில் இருக்கிற டவர் நோவில் காரை நிறுத்திவிட்டு, தண்ணீர் வலது கைப்பக்கம் வருகிற மாதிரி தென்கரையில் மேற்கே கிளம்புவேன். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான், எதிர்காற்றை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம், திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். தென்கரையை ஒட்டியே கார் ரோடும் போகிறது, லீப்ளிஷ், கீல்டர் ஊர் என்று மனித முகம் பார்க்கலாம், ஏதாவது ஆனால் அப்பாவால் வர முடியும். ஊரைத் தாண்டி வடகரைக்குப் போய்விட்டால் அணை வரைக்கும் கடை கிடையாது. ஆகவே கீல்டர் ஊரில் நின்று முழங்கால், வானம், மணி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பேன். அன்றைக்கும் அப்படி முடிவெடுத்துத்தான் போனேன். பங்சருக்கு வயது தெரியாது.

அந்தப் பக்கம் போனால்தான் எனக்கு இந்த இடமே பிடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏரியின் மேல்கோடியில் பேக்கதின் என்கிற இடத்துப் பக்கம் பழைய ரயில் பாலம் ஒன்று, கல் வளைவுகளோடு தண்ணீருக்குக் குறுக்கே நிற்கிறது. அதில் ஓடிய ரயிலில் 1956 வரை ஆட்கள் போய் வந்தார்கள். அந்த ரயில் தடத்தில் இருந்த பிளாஷெட்ஸ் ஸ்டேஷன் இப்போது தண்ணீருக்கு அடியில். நிலக்கரி வெட்டிய ஊர். நான் மேட்டூர்க்காரி, எனக்கு இது புதிதா? மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளியே வருவதைப் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு போவார் உன் தாத்தா. கீல்டரில் அப்படி எதுவும் தலைகாட்டி நான் பார்த்ததில்லை. ஒன்று தெரியுமா, கொள்ளளவில் பிரிட்டனிலேயே பெரிய செயற்கை ஏரி என்று சொல்கிற இதில் 20,000 கோடி லிட்டர், நம்ம கணக்கில் ஏழு டிஎம்சி. மேட்டூர் 93.47. இங்கே யாரிடமும் நான் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, உன்னிடம் சொல்கிறேன். டீஸ் ஆற்றுப் பக்கம் இருக்கிற டீஸ்சைடு தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கட்டினார்கள், 1982இல் ராணி வந்து திறந்துவைத்தார், எதிர்பார்த்த அளவுக்குத் தொழிற்சாலைகள் தண்ணீர் கேட்கவில்லை. ஏரி மட்டும் தளும்பிக்கொண்டிருக்கிறது.

வடகரையிலேயே மரத்தால் செய்த பெரிய தலை ஒன்று இருக்கிறது, வாய் வழியாக உள்ளே போய் மாடி ஏறிக் கண் வழியாக வெளியே பார்க்கலாம். நான் புளிச்சோற்றைப் பிரிப்பது அதற்குள்தான், மழைக்கும் ஒதுங்கலாம்.

சரி, பங்சருக்கு வருகிறேன். கையில் மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்ப், விசில், ஒரு மெல்லிய கோட்டு எப்போதும் இருக்கும். புது டியூபைப் போடும் முன் டயருக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும், குத்தியது உள்ளேயே இருந்தால் அதையும் குத்திவிடும். அன்றைக்கு ஒரு கூரான கல் சில்லு இருந்தது. உண்மையில் சிரமம் தந்தது மிட்ஜ் பூச்சிதான், கொசுவைவிடச் சின்னது, கடிக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை தொந்தரவில்லை, நின்றால் முகமெல்லாம் மொய்க்கும், ஒரு கையால் காற்றடித்து மறு கையால் விரட்டி, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். தனியாகப் போகக் கூடாது என்கிறாய். அப்பா வரமாட்டார், உனக்கு நேரமில்லை, அப்புறம் யாரோடு போவது?

மின்சார சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றாயே, அதை அப்பாவுக்கு வாங்கிக் கொடு, அவர் ஏறுகிறாரா பார்க்கலாம்.

செப்டம்பர் கடைசியில் வா, பூச்சி அடங்கியிருக்கும். லண்டனில் ஓட்டுகிற அந்த மெல்லிய டயர் வண்டியைத் தூக்கிக்கொண்டு வராதே, கராஜில் அப்பாவின் மவுண்டன் பைக் வாங்கிய மேனிக்கு நிற்கிறது, சீட்டை உயர்த்தினால் உனக்குச் சரியாக இருக்கும். என் வேகத்தில்தான் வர வேண்டும், முன்னால் போய் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். வரும்போது 29 இஞ்ச் டியூப் இரண்டு வாங்கி வா, இருந்த ஒன்றைப் போட்டுவிட்டேன். அப்பா முன்னால் பையைத் திறக்காதே.

அம்மா