இரண்டாம் பருவ நிறைவும் மதிய உணவுப் பாத்திரமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பும் மதிப்பும் மிக்க பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வுகள் முடிந்து, அரையாண்டு விடுமுறைக்காகப் பள்ளி மூடப்படுகிறது. இப்பருவத்தில் நம் மாணவர்கள் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றனர். நூலக நேரம் ஒழுங்காக நடைபெற்றது. மழை விடுமுறைகளால் விடுபட்ட பாடங்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்தனர். அனைவருக்கும் என் பாராட்டுகள். இவற்றையெல்லாம் ஆண்டு விழாவில் விரிவாகப் பேசுவோம். இக்கடிதத்தை எழுத வைத்த காரணம் வேறொன்று. அது நம் பிள்ளைகள் கொண்டுவரும் மதிய உணவைப் பற்றியது.

கார்த்திகை அடைமழையின்போது கைகழுவும் குழாய்களின் அருகே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வடியாமல் நின்றது. மழைநீர் என்றே முதலில் நினைத்தோம். தூய்மைப் பணியாளர் அம்மா வடிகால் மூடியை நகர்த்தி, உள்ளே கையை விட்டு அள்ளி வெளியே போட்டபோதுதான் அடைப்பு எதனால் என்று தெரிந்தது. ஊறி உப்பிய சோறு, சுருட்டியது சுருட்டியபடியே ஒரு சப்பாத்தி, அரை இட்லி, சேமியாவோடு ஒட்டிய கேரட் துண்டுகள், ஓரத்தில் ஒரே ஒரு கடி பட்ட அவித்த முட்டை. அவர் அந்த முட்டையை மட்டும் தனியே எடுத்துக் கழுவி, நாய்க்காவது ஆகட்டும் என்று மதில்மேல் வைத்தார்.

அடுத்த வாரம் முழுவதும் குழாயடியில் ஒரு பெரிய பெயிண்ட் வாளியை வைத்து, மீதத்தை அதில் மட்டுமே போட வேண்டும் என்று சொன்னோம். ஒரு நாள்கூட அந்த ஒரு வாளி போதவில்லை. இன்னொன்றையும் நாங்கள் கவனித்தோம். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் தட்டுகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் தவிரப் பெரிதாக ஏதும் மிஞ்சவில்லை. வாளியை நிரப்பியது பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் டிபன் பாக்ஸ்தான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சத்துணவில் ஐந்தாம் வகுப்பு வரை 100 கிராம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம் அரிசி என்று கணக்கு இருந்தாலும், வரிசையில் நிற்கும் பிள்ளை "போதும் ஆயா" என்று கையைக் குறுக்கே நீட்டலாம், பிடித்திருந்தால் மறுபடியும் போய் நிற்கலாம். டிபன் பாக்ஸிடம் போதும் என்று சொல்ல வழியில்லை. காலை ஆறரை மணிக்கு நீங்கள் அடைத்து வைத்த அளவை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு சிறு வயிறு ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

மார்கழிக் குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஒரு கரண்டி கூடுதலாக வைக்கும் தாய்மார்களின் மனம் எனக்குத் தெரியாததன்று. குறை எங்கள் பக்கமும் உண்டு. நாற்பது நிமிட இடைவேளையில் கைகழுவும் வரிசையே பத்து நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. இருக்கும் ஆறு குழாய்களில் இரண்டு பழுதாகிக் கிடந்தன. எஞ்சிய நேரத்தில் சாப்பாடா விளையாட்டா என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது தெரிந்ததுதான். குழாய்களைச் சரிசெய்துவிட்டோம். உணவு இடைவேளையின் முதல் இருபது நிமிடங்கள் யாரும் மைதானத்துக்குப் போகக் கூடாது என்ற ஒழுங்கையும் கொண்டுவருகிறோம்.

"வீணாகவா போகிறது, மாட்டுக்குத்தானே போகிறது" என்று சில பெற்றோர் கேட்டனர். நேற்றுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்குப் பின்புறம் வசிக்கும் ஒருவர் தினமும் வந்து எடுத்துச் சென்றார். அவருடைய பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டதால் இப்போது நிறுத்திவிட்டார். வெந்த சோறு மிகுதியாகச் சேர்ந்தால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பொங்கலை அள்ளி ஊட்டிவிட்டு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவது நம் ஊர்களில் நடப்பதுதான். பசுமைப் படை மாணவர்கள் தோண்டிய உரக்குழியும் மழையில் நிரம்பி, நாற்றம் நான்காம் வகுப்புவரை வந்ததால் மூட வேண்டியதாயிற்று.

நம் பள்ளியின் இரண்டு வாளி உலகக் கணக்கில் தூசுதான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. அறுவடைக்கும் கடைக்கும் நடுவே அழியும் உணவு இக்கணக்கில் சேராது.

அந்த நடுவழி அழிவைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியை ஒருவர் நெல் கொள்முதல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். திறந்தவெளியில் தார்ப்பாய் போர்த்திய அடுக்கின் அடிமூட்டையிலிருந்து ஒரு மாணவன் நான்கு நெல்மணிகளை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தான். ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல்போல முளை விட்டிருந்தது. கையறுப்பு அறுத்துக் களத்தில் காயவைத்த காலத்தில் நெல் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. இப்போது பெல்ட் மெஷின் என்னும் அறுவடை இயந்திரம் ஊருக்குள் நுழைந்தால் ஒரே வாரத்தில் மொத்தப் பரப்பும் அறுபட்டு, ஈரம் உலராத நெல் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து குவிகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் எடுப்பதில்லை என்பது விதி. அறுவடை நேரத்தில் பெய்யும் மழைக்கு அந்த விதி தெரியாது. இதில் யாரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. மிகப் பெரிய அளவில், மிக வேகமாக விளைவிக்கும்போது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் களமும் கூரையும் உலர்த்தும் வசதியும் உடன் வளராவிட்டால், விளைந்ததே சுமையாகிவிடுகிறது.

பழங்காலமே மேல் என்று சொல்ல வரவில்லை. அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில் என் தாயார் படி அரிசிக்கு வரிசையில் நின்றவர். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற 1967ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதி எவ்வளவு பெரிதாக ஒலித்தது என்பதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுப்பாட்டைப் போக்கியவை குறுகிய கால நெல் வகைகளும் உரமும் பாசனமும்தான். ஆனால் அந்த மிகுதி இலவசமாக வரவில்லை. யூரியாவின் மூலப்பொருள் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் எழுகிறது. அந்த வயலில் விளைந்த சோற்றைக் குப்பைமேட்டில் கொட்டினால், காற்றுப் படாமல் அழுகி அங்கிருந்தும் மீத்தேன் எழுகிறது. உண்ணாத சோற்றுக்காகப் புவி இரண்டு முறை சூடேறுகிறது.

கணக்காசிரியர் இதைப் பாடமாகவே நடத்தினார். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செல்கிறது. ஒரு பிள்ளையின் மதியச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்றால், அதற்கு ஏறத்தாழ 150 கிராம் நெல். அதற்கு 375 லிட்டர் தண்ணீர். "எங்க வீட்டு மாடியில இருக்குற டேங்கே ஐந்நூறு லிட்டர்தான் சார்" என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் ஊரில் அந்த எண்ணுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மதில்மேல் வைத்த முட்டைக்கும் அதே வகுப்பில் கணக்குப் போட்டார்கள். நம் மாநிலத்து முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல் வட்டாரப் பண்ணைகளிலிருந்து வருகிறது. கூண்டில் இறக்கையை முழுதாக விரிக்கவும் இடமின்றி நிற்கும் ஒரு கோழி, நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மேலாக மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனம் தின்று, அதிகம் போனால் ஒரு முட்டை இடுகிறது. ஒரு முட்டைக்கு ஆகும் தீவனமும் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய அரிசியும் எடையில் ஏறத்தாழ ஒன்றுதான்.

இனி எழுதப்போவதைத் தயக்கத்துடனேயே எழுதுகிறேன். "மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே, பாத்திரம் நாறுகிறது, அங்கேயே கொட்டிவிட்டு வா" என்று வீட்டில் சொல்லி அனுப்புவதாகப் பிள்ளைகள் பலர் எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். இது முறையன்று. பள்ளியின் வடிகால் உங்கள் வீட்டு அங்கணத்தின் நீட்சி அன்று. அதில் கையை விட்டு அள்ளுகிறவரும் நம்மைப் போன்ற ஒருவர்தான். மேலும், மீதம் வைத்தது ஏன் என்று கேட்ட வகுப்பாசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, "என் காசு, என் சோறு, உங்களுக்கென்ன" என்று ஒருவர் உரத்த குரலில் பேசியிருக்கிறார். காசு உங்களுடையதாக இருக்கலாம். அந்தத் தண்ணீர் ஊருடையது. ஆசிரியர்களிடம் அவ்வாறு பேசுவதை இப்பள்ளி இனி ஏற்காது. கோபம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

ஜனவரியில் பள்ளி திறக்கும் நாள் முதல் குழாயடியில் வாளி இருக்காது. எந்தப் பிள்ளையும் மீதத்தைப் பள்ளியில் கொட்டாது. சாப்பிட்டது போக இருப்பது மூடிய பாத்திரத்திலேயே வீட்டுக்கு வரும். மாலை நான்கரை மணிக்குள் ரசம் சோறு புளித்துப்போகும் என்பது எனக்கும் தெரியும். அதை யாரும் மீண்டும் உண்ண வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு திரும்பி வந்தது என்று நீங்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது, எதை ஒதுக்குகிறது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே கடிதம் அந்தப் பாத்திரம்தான். அதைத்தான் இத்தனை நாளும் நாம் பள்ளியிலேயே கழுவி அனுப்பிக்கொண்டிருந்தோம். மீதம் கொண்டுவரும் பிள்ளையைத் தயவுசெய்து திட்ட வேண்டாம். திட்டினால் மறுநாள் அது வரும் வழியில் வாய்க்காலில் போய்விடும். பதிலாக, அடுத்த நாள் ஒரு கரண்டி குறைத்து வையுங்கள். பசித்தால் சத்துணவு மையத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்று அமைப்பாளர் அம்மாவும் சொல்லியிருக்கிறார்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் பிரியாணிப் பொட்டலம் கொண்டுவரும் அன்பர்கள் முதல்நாள் மாலை மூன்று மணிக்குள் தெரிவித்தால், அன்றைக்குச் சத்துணவு மையத்தில் அத்தனை பேருக்கும் உலை வைக்காமல் இருக்கலாம். உடல்நிலை காரணமாகத் தனி உணவு தேவைப்படும் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்குகளில் விலக்கு உண்டு. வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும்.

செய்தி காதில் விழுந்த உடனேயே தம் மகளுக்குச் சிறிய பாத்திரம் வாங்கிவிட்டு, "கடலை மிட்டாய் மட்டும் கூட ஒன்று வைக்கலாமா" என்று கேட்டு வந்த தாய்க்கு என் நன்றி, வைக்கலாம். குழாய்களைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்ற பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், வாளியைத் தூக்க மாணவர்களை விடாமல் தாமே தூக்கிய ஆசிரியர்களுக்கும், மழையில் நின்று அடைப்பை எடுத்த தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கும் பள்ளி கடமைப்பட்டுள்ளது. இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பொறுமையாகப் படித்த உங்களுக்கும் நன்றி.

விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றுப் பக்கமோ குளத்துப் பக்கமோ தனியே அனுப்ப வேண்டாம். வாய்க்கால்களில் இன்னும் தண்ணீர் வேகமாகப் போகிறது. அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்