வாடிய இலையும் 680 என்ற எண்ணும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நம் பள்ளித் தோட்டத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்ட கேள்விகள் இன்னும் மனத்தில் நிற்கின்றன. "கணினிக் காலத்தில் பிள்ளைகளை ஏன் மண்ணைக் கிளறச் சொல்கிறீர்கள்?" என்றார் ஒருவர். "தோட்டத்தில் எதற்குக் கருவி? அங்கேயாவது திரையை மறக்கட்டுமே" என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று நேரமாகிவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவர்கள் பூசணிப் பாத்தியில் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். இரண்டு உலோகக் கம்பிகள், அவற்றோடு இணைத்த மைக்ரோபிட் என்ற ஒரு சின்னக் கணினிப் பலகை, அவ்வளவுதான். மண்ணில் ஈரம் இருந்தால் கம்பிகளுக்கிடையே மின்சாரம் எளிதாகப் பாயும், எண் கூடும், காய்ந்தால் குறையும். 0 முதல் 1023 வரை காட்டும்.

மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் இலைகளெல்லாம் மடக்கிய குடைபோலத் தொங்குகின்றன. ஒரு மாணவி வாளியோடு ஓடினாள். "எண் 680. காலையில் இருந்த அதே எண். ஊற்றாதே!" என்று ஒருவன் தடுத்தான். பெரிய வாக்குவாதம். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே நல்ல ஈரம். சரி, சாயங்காலம் வரை பொறுப்போம் என்று முடிவானது. வெயில் தாழ்ந்ததும் இலைகள் தாமாகவே நிமிர்ந்துவிட்டன. உச்சி வெயிலில் இலை இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அதுதான் காரணம். எண்ணை நம்புவதா, இலையை நம்புவதா என்று அவர்கள் திணறிய அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் கருவியையும் மண்ணையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கருவி ஒருமுறை கெட்டும் போனது. இரவும் பகலும் மின்சாரம் ஓடவிட்டதில், ஈர மண்ணில் மின்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் உண்டாகும் வேதிமாற்றம், நடந்து ஒரு கம்பி அரிக்கப்பட்டுவிட்டது. இப்போது அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் போகும்படி நிரலை அவர்களே மாற்றியிருக்கிறார்கள்.

திரையே தேவைப்படாத பாடங்களும் உண்டு. பீன்ஸ் செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த சின்ன முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியாக்கள் அந்த முடிச்சுக்குள்தான் குடியிருக்கின்றன. வகுப்பே சத்தமில்லாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் சாப்பாடு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மதிய உணவில் காய்களை ஓரமாக ஒதுக்கிவைக்கும் மாணவன் ஒருவன், தான் விதைத்த முள்ளங்கியைப் பிடுங்கி, கழுவி, நின்ற இடத்திலேயே கடித்தான். காரத்தில் கண் கலங்கியது. மறுபடியும் கடித்தான்.

வரும் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டுக் கீரை கொண்டுவருவார்கள். அதைச் சமைக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள். அடுப்பருகே மட்டும் நீங்கள் கூடவே நில்லுங்கள். இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். அடுப்பிலேயே பிழிந்தால் சூட்டில் அந்த வைட்டமின் குறைந்துவிடும். ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள், சொல்வார்கள்.

உரக்குழிக்குக் காய்கறித் தோல் கொடுத்தனுப்புங்கள். சமைத்த மிச்சமும் எண்ணெய்ப் பொருளும் வேண்டாம். எந்த உணவாவது பிள்ளைக்கு ஒவ்வாது என்றால், வியாழனுக்குள் நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்