ஹோமுக்கு ஸ்டோன் ஏன் ஒத்துக்காது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

என் பேத்தி ஸ்கூலுக்கு இங்கிலீஷ்ல ஒரு கவிதை எழுதினா, 'ஹோம்'னு ஒரு வரி முடிய அடுத்தது 'ஸ்டோன்'னு முடிச்சிருந்தா, டீச்சர் ரைம் இல்லன்னு சிவப்புக்கோடு போட்டுட்டாங்க, புள்ள அழுதுட்டே வந்துச்சு. எனக்கு மனசு கேக்கல.

ஃபோம், டோம், ரோம் இதெல்லாம் முழு ரைம், சரிதான். 'கோம்ப்' (comb, சீப்பு)ல கடைசி எழுத்து வாய்க்கே வராது, அதனால அதுவும் சேரும். ஆனா 'சம்' (some), 'கம்' (come) எல்லாம் 'ஹோம்' (home) மாதிரியே ஸ்பெல்லிங் முடிஞ்சாலும் சத்தம் வேற, காதுதான் முக்கியம். ஸ்டோன், போன், அலோன் இதெல்லாம் கிட்டத்தட்ட ரைம். உயிர்ச்சத்தம் அதேதான், ம் போய் ன் வருது, ரெண்டுமே நம்ம மெல்லினம், மூக்குல வர்ற சத்தம், அதான் காதுக்கு இதமா இருக்கு. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 1800கள்லயே இப்படி நிறைய எழுதியிருக்காங்க.

நம்ம இயைபும் வரிக்கடைசியில ஒத்து வர்றதுதானே, எதுகை மோனையோட அதையும் பிள்ளைங்களுக்குக் காட்டலாம். சிறுவர் பக்கத்துல வாரம் ஒரு வார்த்தை போட்டு ரைம் கேளுங்களேன், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன்